தாளம் தப்பும் நெஞ்சு

சிம்பாங் பூலாய்ச் சந்திப்பில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் சுண்ணாம்புக் குன்றுகளைக் குடைந்து கல் உடைக்கிறார்கள். மறுபக்கம் கேமரன் மலையிலிருந்து காய்கறி லோரிகள் இறங்குகின்றன. நம் பெற்றோர் பால் வெட்டிய ரப்பர்க் காடுகளில் பெரும்பகுதி வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. ஆனால் லயத்தில் கேட்ட ஒரு பேச்சு மட்டும் மாறவில்லை: "நல்லாத்தான் இருந்தாரு. ராத்திரி சாப்பிட்டுப் படுத்தாரு. காலையில எழுந்திருக்கல."

எத்தனை துக்க வீடுகளில் இதைக் கேட்டுவிட்டோம்!

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தோழர் ஒருவர், காலைப் பெரட்டில் நின்றபடியே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். "நெஞ்சுக்குள்ள மீன் துள்ளுற மாதிரி இருக்குண்ணே" என்றார். தோட்ட மருந்தகத்தில் "வாயுதான், போங்க" என்று வெள்ளை மருந்து ஒரு போத்தல் கொடுத்து அனுப்பினார்கள். அவர் கையைப் பிடித்து நாடி பார்த்தவர் யாருமில்லை. அவரும் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று மறுநாள் காண்டாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனார். மூன்றாம் நாள் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறியது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்த பிறகுதான் நாடி தாறுமாறாக ஓடுவது தெரிந்தது.

அந்தக் காலத்தில் தப்பு அடித்துத்தான் பெரட்டுக்கு ஆளை எழுப்புவார்கள் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இதயத்திலும் அப்படி ஒரு தப்புக்காரன் இருக்கிறான். வலது மேலறையில் இருந்துகொண்டு நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை மின்சாரத் துடிப்பு அனுப்புகிறான். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் சுமார் ஒரு லட்சம் அடி. இவன் தாளத்தைக் கேட்காமல் மேலறை முழுவதும் கண்டபடி நடுங்கத் தொடங்கினால் அங்கே இரத்தம் தேங்கும். தேங்கிய இரத்தம் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்கு ஓடினால் பக்கவாதம். அமெரிக்காவில் பிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948-இல் 5,209 பேரை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். இந்த மேலறை நடுக்கம் உள்ளவருக்குப் பக்கவாத ஆபத்து ஐந்து மடங்கு அளவுக்கு உயருகிறது என்பதை 1991-இல் அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். நம் தோழருக்கு நடந்தது இதுதான். முன்பே தெரிந்திருந்தால் இரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை உண்டு.

இதயத்தின் மின்சாரத்தைத் தாளில் எழுத வைத்தவர் ஐந்தோவன் என்ற டச்சு வைத்தியர். பிறந்தது நமக்கு அக்கம்பக்கம்தான், ஜாவாவின் செமாராங் நகரில், 1860-இல். அவருடைய முதல் இயந்திரம் ஏறக்குறைய 270 கிலோ எடை; நோயாளி கையையும் காலையும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து உட்கார வேண்டும். 1924-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் ஈ.சி.ஜி. எடுப்பது சில வினாடிகளுக்குத்தான். அந்த வினாடிகளில் நெஞ்சு ஒழுங்காக அடித்துவிட்டால்? காலையில் வந்த கிறுகிறுப்பு கிளினிக்குக்குப் போகும்போது ஓடிவிடுகிறதே! இதற்காகத்தான் ஹோல்டர் என்ற அமெரிக்கர் 1947 வாக்கில், நடமாடும்போதே இதயத் துடிப்பைப் பதியும் கருவி செய்தார். முதுகில் கட்டிய மூட்டை 38 கிலோ! ஒரு காண்டா பாலைவிட அது கனம்தான். இன்று உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. 24 மணி நேரம் மாட்டிக்கொண்டு வேலைக்கே போகலாம்.

சரி, இந்தப் பதிவைப் பார்த்து யாருக்கு ஆபத்து என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? ஓரளவுக்கு முடியும். மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 பேருக்கு 24 மணி நேரப் பதிவு எடுத்துப் பார்த்து 1987-இல் வெளியிட்டார்கள். கடிகாரம்போல் ஒரே அளவில், கொஞ்சமும் கூடாமல் குறையாமல் அடித்த நெஞ்சுக்காரர்கள்தாம் அதிகம் இறந்தார்கள்; ஐந்து மடங்குக்கு மேல். நல்ல நெஞ்சு மூச்சுக்கும் நடைக்கும் தக்கபடி சற்றே நெகிழ்ந்து அடிக்க வேண்டுமாம். நமக்கே இது ஆச்சரியமாகத்தான் இருந்தது.

ஆனால் அறிந்துகொள்வது வேறு, காப்பாற்றுவது வேறு. மாரடைப்புக்குப் பிறகு இடையிடையே தப்பும் அடிகளை மருந்தால் அடக்கினால் உயிர் தப்பும் என்று வைத்தியர்கள் நம்பியிருந்தார்கள். 1980-களின் இறுதியில் சுமார் 1,500 பேரை இரு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்தும் மறுபாதிக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துச் சோதித்தார்கள். மருந்து தின்றவர்களில் 63 பேர் இறந்தார்கள்; வெறும் மாத்திரை தின்றவர்களில் 26 பேர். தாளம் சரியாயிற்று, ஆள் போய்விட்டார். ஆகவே, பக்கத்து வீட்டு அக்கா சாப்பிடும் மாத்திரையை "எனக்கும் படபடப்புதான்" என்று வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நம் இனத்துக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறையை நிறுவிய பேராசிரியர் டி. ஜே. தனராஜ், சிங்கப்பூர்ப் பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து, இருதய நாள நோய் இந்தியரிடையே சீனரைவிட மிக அதிகம் என்று 1959-இலேயே எழுதினார். 2007-இல் வந்த ஓர் ஆய்வில், இந்தியா முதலிய தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாடுகளில் 58.8. வேலைக்காரனுக்கு அந்த ஆறு வருஷம் என்பது பிள்ளை படிப்பு முடிக்கும் காலம் அல்லவா?

தமிழ்நாட்டில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டரும் அவர் குழுவினரும் சிறு ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்தார்கள். சின்ன இடத்திலேயே ஈ.சி.ஜி. எடுத்துப் பெரிய இடத்துக்கு உடனே அனுப்புவார்கள். 2,420 மாரடைப்பு நோயாளிகளின் கணக்கு 2017-இல் வந்தது: ஓராண்டுக்குள் இறந்தவர் முன்பு நூற்றுக்கு 17.6, பிறகு 14.2. அங்கே முடிந்தது இங்கே தோட்டத்து மருந்தகத்தில் ஏன் முடியாது என்று நாம் நிர்வாகக் கூட்டங்களில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். "இயந்திரம் வாங்கினா யாரு படிக்கிறது?" என்பதே இதுவரை வந்த பதில். படிப்பவர் ஈப்போவில் இருக்கிறார் ஐயா, அனுப்பினால் போதும்.

அதுவரை நம் கையிலேயே இருக்கிறது நாடி. ஐந்து நிமிடம் உட்கார்ந்து இளைப்பாறி, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எப்போதாவது ஒரு அடி தப்புவது பலருக்கும் உண்டு, பயப்பட வேண்டாம். அடிக்கு அடி இடைவெளி கண்டபடி மாறினால், அல்லது மயக்கம் வந்தால், அரசாங்க கிளினிக்குக்குப் போய் "ஈ.சி.ஜி. எடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள். நெஞ்சுவலியும் வியர்வையும் சேர்ந்தால் எண்ணிக்கொண்டு உட்காராமல் உடனே 999.

இன்னொன்று. ஈ.சி.ஜி. தாளை வீசிவிடாதீர்கள். மேலே சொன்ன தோழருக்குப் பெர்கேசோவில் இலாட் ஓய்வூதியம் கேட்டபோது, மருத்துவக் குழுவுக்குக் காட்ட ஆதாரம் தேடி அவர் மனைவியும் நாமும் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. தாள் கிடைத்தது, ஆனால் எழுத்து மங்கிவிட்டது. அது சூட்டில் எழுதும் தாள். வெயில் பட்டால் வெளுத்துப் போகும். எடுத்த அன்றே நகல் எடுத்து, நாள் எழுதி, சந்தாச் சீட்டோடு சேர்த்து வையுங்கள்.