அம்மாக்கள் வீட்டிலேயே செய்து விற்கும் குழந்தைப் பொருள்கள்: கேட்டும் சோதித்தும் வாங்க வேண்டியவை

தீபாவளிக்கு முன்பு போடப்படும் கூடாரக் கடைகளில் முறுக்கு, சேலை, வளையல் ஆகியவற்றுக்கு நடுவே இப்போது இன்னொரு வகைக் கடையையும் பார்க்க முடிகிறது. துணி டயப்பர், குழந்தையைச் சுமக்கும் தூளி, கடுகுத் தலையணை, நலுங்கு மாவு, கேழ்வரகுக் கஞ்சி மாவு, வசம்பு வளையல் எல்லாம் ஒரே மேசையில் இருக்கும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்தபடி நிற்கும் தாய்தான் கடைக்காரர். சந்தை இல்லாத மாதங்களில் இதே பொருள்கள் வாட்ஸ்அப் குழுக்களிலும் டிக்டாக் நேரலையிலும் விற்பனையாகின்றன.

2023 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தனியார் துறைப் பெண்களின் பேறுகால விடுமுறை 60 நாள்களில் இருந்து 98 நாள்களாக உயர்ந்தது. அந்த 98 நாள்களும் முடிந்த பிறகு பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்வி வருகிறது. தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது, பாட்டி பக்கத்து லயத்திலேயே இருந்தார். பட்டணத்து அடுக்குமாடியில் இரண்டும் இல்லை. பராமரிப்பாளருக்குக் கொடுப்பதைக் கழித்தால் சம்பளத்தில் மிச்சம் ஒன்றுமில்லை என்று கணக்குப் போட்டு வேலையை விட்டவர்கள் பலர். தன் பிள்ளைக்காகத் தைத்ததை, அரைத்ததை நான்கு பேருக்கு விற்கத் தொடங்குவது அப்படித்தான்.

இவர்களிடம் வாங்குவதில் நன்மை உண்டு. பெரிய நிறுவனத்தின் பொருளைப் பற்றிக் கேட்டால் பெட்டியில் அச்சிட்டதைத்தான் சொல்வார்கள். இங்கே, "அக்கா, இதை உங்க பிள்ளைக்கு எத்தனை மாசம் போட்டீங்க? துவைச்ச பிறகு சுருங்குச்சா?" என்று கேட்டால் நேர்ப் பதில் கிடைக்கும். சிக்கலும் அதே இடத்தில்தான். விற்பவர் சொந்தக்காரராகவோ கோயிலில் தினமும் பார்ப்பவராகவோ இருந்தால், கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கக் கூச்சமாகிவிடுகிறது. பிறந்து சில வாரமே ஆன உயிருக்கு வாங்கும்போது அந்தக் கூச்சம் கூடாது.

முதலில் தூளி. ஒரு தோளில் மாட்டி, இரு வளையங்களில் துணியை இழுத்து இறுக்கும் வகைதான் வீட்டுத் தயாரிப்பில் அதிகம். கை இரண்டும் விடுபடுவதால் சமையலுக்கும் கடைக்குப் போவதற்கும் மிக வசதி. ஆனால் 2010 மார்ச்சில் அமெரிக்கப் பயனீட்டாளர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இவ்வகைத் தூளிகளைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் தூளி தொடர்பான குறைந்தது 14 குழந்தை மரணங்களை அது ஆராய்ந்தது. அவற்றில் 12 குழந்தைகள் நான்கு மாதத்துக்கும் குறைவானவர்கள். அதே மாதத்தில் மீட்டுக்கொள்ளப்பட்ட தூளிகள் கடைகளில் விற்ற பெரிய நிறுவனத் தயாரிப்புகள். ஆகவே பெரிய பெயர் என்பதற்காக நம்பிவிடவும் முடியாது, வீட்டில் தைத்தது என்பதற்காக ஒதுக்கிவிடவும் தேவையில்லை.

காரணம் எளிது. இளங்குழந்தையின் கழுத்துக்குத் தலையைத் தாங்கும் பலம் இல்லை. துணி தொய்ந்து உடல் வளைந்தால் தாடை நெஞ்சில் போய் ஒட்டும், மூச்சுக் குழாய் மடங்கும். அந்த நிலையில் குழந்தையால் அழவும் முடியாது. வெளியில் இருந்து பார்த்தால் நிம்மதியாகத் தூங்குவது போலவே இருக்கும். அதனால்தான் துணி இறுக்கமாக இருக்க வேண்டும். முகம் எப்போதும் கண்ணில் பட வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் பிள்ளை இருக்க வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையே குறைந்தது ஒரு விரல் இடைவெளி வேண்டும். முதுகுக்குத் தாங்கல் வேண்டும் என்று சொல்லப்படுகிறது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, எடை குறைந்த பிள்ளை என்றால் கிளினிக் தாதியிடம் கேட்காமல் தூளியைத் தொடவே கூடாது.

வாங்கும்போது வளையத்தைப் பாருங்கள். பற்றவைத்த மூட்டு தெரிந்தால் அது கைவினைக் கடையில் வாங்கிய அலங்கார வளையமாக இருக்கலாம். எடை தாங்குவதற்கென்று செய்யப்பட்டதில் மூட்டு இருக்காது. வளையம் சேரும் இடத்தில் ஒரே ஒரு வரிசைத் தையல் போதாது. வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை வைக்கும் முன் 5 கிலோ அரிசிப் பையை வைத்து, மெத்தைக்கு மேலே நின்று குனிந்து நிமிர்ந்து பார்க்கலாம். துணி வளையத்தில் வழுக்கினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். இன்னொன்று, பிள்ளையைத் தூளியில் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போவதைச் சாலையில் அடிக்கடி காண முடிகிறது. நடப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள் அது. விபத்தில் அது எதையும் தாங்காது.

தலையணைக்கு வருவோம். இதில்தான் பாட்டிகளோடு அதிகம் வாக்குவாதம் வரும். தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை, நடுவில் குழி வைத்த தலையணை. பிள்ளை தூக்கத்தில் திடுக்கிட்டு விழிக்காமல் இருக்க வயிற்றின் மேல் வைக்கும் தவ்கேத் தோல் தலையணை. மலாய், சீனக் குடும்பங்களிடம் இருந்து நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்த பழக்கம் இது. தைப்பது எளிது, செலவு குறைவு, பார்க்க அழகு என்பதால் சிறு வணிகர்களிடம் இவை அதிகம் கிடைக்கின்றன.

ஒரு வயது முடியும் வரை தூங்கும் குழந்தைக்குத் தலையணை எதுவும் வேண்டாம் என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. சமமான, உறுதியான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைத்தால் போதும். தலையை வடிவமைக்கும் தலையணைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022 நவம்பரில் பெற்றோருக்கு அறிவித்தது. மூச்சுத் திணறல் ஆபத்துதான் காரணம். உடல் மேல் பாரம் வைக்கும் போர்வைகளும் பாதுகாப்பான தூக்கத்துக்கு உகந்தவை அல்ல என்று அதே ஆண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் கூறியது. தவ்கேத் தலையணையும் அந்த வகைதான். நெஞ்சின் மேல் இருந்து முகத்துக்கு நகர அதற்கு அதிக நேரம் தேவையில்லை.

திடுக்கிடுவது நோயல்ல. பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ள அனிச்சைச் செயல், ஏறக்குறைய நான்கு முதல் ஆறு மாதத்தில் தானே மறையும். மெல்லிய துணியில் கையைச் சேர்த்துச் சுற்றிவைப்பது உதவும். ஆனால் பிள்ளை புரள முயலத் தொடங்கியதும் அதையும் நிறுத்திவிட வேண்டும். தலை தட்டையாகிறதே என்ற கவலைக்கு, விழித்திருக்கும் நேரத்தில் பெரியவர் பக்கத்தில் இருக்க, கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடலாம். காசு செலவில்லாத வழி. ஏற்கெனவே வாங்கிவிட்ட கடுகுத் தலையணையைப் பிள்ளைக்கு ஒரு வயது தாண்டும் வரை அலமாரியில் வைத்தால் பாட்டிக்கும் மனம் நோகாது.

வசம்பு வளையலும் இப்படித்தான். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே ஒரு பெயர் உண்டு. அதைத் துண்டுதுண்டாக நறுக்கிக் கறுப்புக் கயிற்றில் கோத்து, நடுவே வெள்ளி மணி வைத்து விற்கிறார்கள். கையில் கட்டுவது வாசனைக்கும் திருஷ்டிக்கும் என்றாலும், மூன்று மாதப் பிள்ளையின் கை எப்போதும் வாயில்தான் இருக்கும். வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் என்ற பொருள் காரணமாக 1968இல் அமெரிக்கா அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. வசம்பைத் தின்றவர்களுக்கு நீண்ட நேரம் வாந்தி ஏற்பட்டதாக மருத்துவப் பதிவுகள் உண்டு. அதைவிட உடனடி ஆபத்து, கயிறு அறுந்து துண்டு தொண்டைக்குள் போவது. கழிவறைக் காகித உருளையின் அட்டைக் குழாய் வழியே புகுந்து விழும் அளவுள்ள எதுவும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆகாது என்பது வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை. வசம்புத் துண்டு, மணி, பொம்மையின் பொத்தான் கண் எல்லாமே அதில் புகுந்துவிடும். பெயர் சூட்டு விழாவன்று அரை மணி நேரம், படம் எடுக்கும் வரை போட்டுவிட்டுக் கழற்றி வைப்பது நல்லது. பல் முளைக்கும்போது கடிக்கக் கொடுக்கும் சிலிகோன் மணிமாலைகளைக் குழந்தையின் கழுத்தில் ஒருபோதும் போடக் கூடாது.

கண்மையில் ஈயம் கலந்திருக்கும் அபாயம் பல நாடுகளில் கண்டறியப்பட்டது. கண்ணுக்குள் தீட்டுவதை விட்டுவிட்டு, கை போகாத இடமாகக் காதுக்குப் பின்னால் சின்னப் பொட்டு வைத்தால் திருஷ்டிக்கு அதுவும் கணக்குத்தான்.

நலுங்கு மாவு, மூலிகை எண்ணெய் போன்றவற்றில் நம் நாட்டுக்கே உரிய கேள்வி ஒன்று உண்டு. மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாடு உள்ளதா என்று தொப்புள்கொடி இரத்தத்தில் சோதிப்பார்கள். முடிவு பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தில் இருக்கும். குறைபாடு உள்ள பிள்ளைகளுக்குச் சில மூலிகைகளும் அந்துருண்டையும் ஆகாது. இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரும். மருதாணியும் அந்தப் பட்டியலில் உண்டு. எனவே "மாவில் என்னென்ன சேர்த்தீங்க?" என்று கேட்டு, ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி வாங்க வேண்டும். "அது எங்க பாட்டியோட இரகசியம்" என்பது பதிலாகாது. தைத்த துணிகளை அலமாரியில் எதைப் போட்டு வைத்தார் என்பதையும் கேட்க வேண்டும். அந்துருண்டை வாடை அடித்தால் பிள்ளைக்குப் போடக் கூடாது. உலர்ந்த மாவைப் பிள்ளையின் முகத்துக்கு அருகே தூவாமல், நீரில் குழைத்த பிறகு, முதலில் கையில் சிறிது தடவி ஒரு நாள் பார்க்கலாம்.

சட்டப்படி, அழகுப் பொருளாக விற்கப்படும் எதுவும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்திடம் அறிவிக்கப்பட்டு, என்.ஓ.டி. எழுத்துகளில் தொடங்கும் எண்ணைப் பெற்றிருக்க வேண்டும். சளி, வயிற்று வலி தீரும் என்று சொல்லி விற்றால் அது மருந்து. அதற்கு எம்.ஏ.எல். பதிவு எண் தேவை. விளையாட்டுப் பொருள்களுக்கு எம்.சி. முத்திரை வேண்டும்.

கஞ்சி மாவு ஆறு மாதம் முடிந்த பிறகுதான். இருபது தானியம் என்று பெருமையாக எழுதியிருக்கும் பொட்டலத்தை முதல் உணவாகக் கொடுத்தால், உடலில் தடிப்பு வரும்போது எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் ஒரே ஒரு தானியம், சில நாள் கழித்து அடுத்தது. நிலக்கடலை, முந்திரி, பாதாம் கலந்திருந்தால் பொட்டலத்தில் எழுதியிருக்க வேண்டும். தேன் கலந்த எதையும் ஒரு வயது வரை கொடுக்கக் கூடாது, பொட்டுலிசம் என்ற கொடிய நச்சு நோய் வரக்கூடும். நம் ஊர் ஈரக் காற்றில் மாவு சீக்கிரம் பூசணம் பிடிக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று கிலோ கணக்கில் வாங்காமல் 200 கிராம் வாங்கி, அரைத்த தேதியைப் பார்ப்பதே சிக்கனம்.

கவலையின்றி வாங்கக்கூடியது துணி டயப்பர். எல்லா டயப்பரையும் பெம்பர்ஸ் என்றே அழைக்கும் நம் வீடுகளில் அதன் மாதச் செலவு சின்னதல்ல. ஒன்று 60 சென், நாளுக்கு 6 என்று வைத்தாலே மாதம் 108 ரிங்கிட். துணி டயப்பர் ஒன்று 20 ரிங்கிட் என்றால் 18 வாங்க 360 ரிங்கிட். மூன்றரை மாதத்தில் முதல் திரும்பிவிடும், அடுத்த பிள்ளைக்கும் ஆகும். ஆனால் 18ஐயும் ஒரே நாளில் வாங்குவது தவறு. இரண்டு வாங்கி, மூன்று முறை துவைத்து, ஒரு வாரம் போட்டுப் பாருங்கள். தொடையில் ரப்பர் தடம் ஆழமாகப் பதிந்தால் அளவு சிறியது. புதுத் துணி பல முறை துவைத்த பிறகுதான் நன்றாக உறிஞ்சும் என்பதால் முதல் நாள் கசிந்ததும் விற்றவரைத் திட்ட வேண்டாம். துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றினால் உறிஞ்சும் தன்மை கெடும். உள்ளே வைக்கும் பட்டை தடித்ததாக இருந்தால், மழைக் காலத்தில் பால்கனி இல்லாத அடுக்குமாடியில் இரண்டு நாளானாலும் காயாது. அங்கே மெல்லிய பட்டை இரண்டாக வாங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

விற்கும் தாய்மார்களுக்கும் இதில் வேலை உண்டு. எஸ்எஸ்எம் பதிவுக்கு, சொந்தப் பெயரில் தொழில் செய்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட். கஞ்சி மாவு செய்பவர்கள் உணவு கையாள்வோர் பயிற்சியை முடித்து, தைஃபாய்டு தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இந்தியச் சமூகத்துச் சிறுதொழில் செய்வோருக்குத் தெக்குன் நேஷனல் வழி ஸ்பூமி கடன் திட்டம் உண்டு. அதை நாடுவோர் முதலில் தொழிலைப் பதிந்துகொள்வது நல்லது.

பொருளில் குறை இருந்தால் முதலில் விற்றவருக்கே படத்தோடு தெரிவிக்க வேண்டும். அதே துணியில், அதே வளையத்தில் தைத்த இன்னும் பத்துத் தூளிகள் வேறு வீடுகளில் இருக்கலாம், அவர்களுக்கு உடனே தகவல் சொல்ல அவரால் மட்டுமே முடியும். பதிலே வராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே பதிவு செய்யலாம். அதற்கு ரசீதோ வாட்ஸ்அப் உரையாடலோ தேவைப்படும் என்பதால், பிள்ளை அந்தப் பொருளைப் பயன்படுத்தும் காலம் வரை அவற்றை அழிக்காமல் வைத்திருங்கள்.