பட்டறையும் பள்ளிக்கூடமும் – 7: வாத்தியாரோடு ஓய்வு பெற்ற பாடம்

போன வாரம் சொன்ன தொழிற்கல்வி வாத்தியாரோடு, அவர் வேலை பார்த்த பள்ளிக்கு ஒரு சனிக்கிழமை போனேன். கோவையை ஒட்டிய அரசு மேல்நிலைப் பள்ளி, பெயர் வேண்டாம். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. துருப்பிடித்த பூட்டோடு வாட்ச்மேன் ஐந்து நிமிடம் மல்லுக்கட்டினார். உள்ளே உடைந்த பெஞ்சுகள், கட்டுக்கட்டாகப் பழைய விடைத்தாள், நடுவில் ஒரு லேத்.

"ஒரு இஞ்ச் ராடு ஒண்ணு குடுப்பேனுங்க. ஃபேசிங், டர்னிங், ஸ்டெப், கடைசியா நர்லிங். ஒருத்தன் சைஸைக் கெடுத்துட்டா அதே ராடு அடுத்தவனுக்கு. 25 மில்லிமீட்டர்ல ஆரம்பிச்சது வருசக் கடைசியில பென்சில் மொத்தத்துல நிக்கும்" என்றார். சிக்கனம் என்று அவர் நினைத்துச் சொல்லவில்லை. மூலப்பொருளுக்கு வந்த பணம் அவ்வளவுதான்.

1978இல் பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்தபோது கூடவே வந்தது இந்தத் தொழிற்கல்விப் பிரிவு. அதே ஆண்டில்தான், மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்விக்கு இடம் கேட்டு, மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான தேசியக் குழு அறிக்கை தந்தது. ஜெனரல் மெஷினிஸ்ட், மோட்டார் ரீவைண்டிங், நர்சிங், விவசாயம், டைப்ரைட்டிங் என்று அந்தந்த ஊருக்கு ஏற்ற பாடங்கள். சொல்லித்தர ஊரில் தொழில் தெரிந்தவர்களையே பகுதி நேரமாக எடுத்தார்கள். நம் வாத்தியாரும் 1980இல் அப்படி வந்தவர்தான். பணி நிரந்தரம் ஆக வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். பகுதி நேரத்தில் பாதியையாவது பென்ஷனுக்குச் சேர்க்கச் சொல்லி கோர்ட் வரை போனார்கள்.

1986 தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 10 சதவீதம் பேரை 1990க்குள்ளும், 25 சதவீதம் பேரை 1995க்குள்ளும் தொழிற்கல்விக்குக் கொண்டுவருவோம் என்றது. 1992இல் திருத்தியபோது இரண்டு கெடுவையும் ஐந்தைந்து வருஷம் தள்ளிவைத்தார்கள். அந்தக் கெடுவும் போயிற்று.

பத்தாம் வகுப்பில் மார்க் குறைந்தவனை "ஒகேஷனல்ல போடு" என்று தள்ளிவிட்டதுதான் நாம் கொடுத்த மரியாதை. இதில் எனக்கு இன்னொரு உறுத்தல். ராஜாஜி 1953இல் அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டார். குலக்கல்வி என்று தமிழகம் கொதித்தது, 1954இல் அது கைவிடப்பட்டது. கொதித்தது நியாயம். ஆனால் மேல்நிலைத் தொழிற்கல்வி அதற்கு நேர் எதிரான வாசலாக இருந்திருக்கலாம்: யார் வீட்டுப் பிள்ளையும் எந்தத் தொழிலையும் பள்ளியில் கற்கலாம். மார்க் குறைந்தவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியதால், பழைய வீட்டுப் பிள்ளைகளே மறுபடியும் பட்டறைக்கு வந்து நின்றார்கள்.

எந்த அரசும் இந்தப் பிரிவை மூடுகிறேன் என்று மேடையில் அறிவித்ததாக எனக்கு நினைவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. வாத்தியார் ரிட்டயர் ஆவார், காலியிடம் நிரம்பாது, அடுத்த ஜூனில் அந்தக் குரூப்புக்கு அட்மிஷன் இருக்காது. பள்ளி பள்ளியாக இப்படியே கதவு சாத்தப்பட்டது. நம்மவர் 2015இல் ஓய்வு பெற்றார். அந்த வருஷம் பிளஸ் டூ முடித்துப் போன பதினொரு பேர்தான் கடைசி பேட்ச்.

பணமே இல்லையா என்றால், இருக்கிறது. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை 2,877 கோடி ரூபாயில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து புதுப்பித்திருக்கிறார்கள். ரோபோ வரை வந்துவிட்டது. நல்ல காரியம். ஐ.டி.ஐ. வேறு துறை, பள்ளி வேறு துறை. கொட்டகை லேத் எந்தத் துறையின் கண்ணிலும் படவில்லை.

கொட்டகைக்குக் கரண்ட் கட் ஆகி ஆறு வருஷம் என்றார் வாட்ச்மேன். வாத்தியார் அதைக் காதில் வாங்கவில்லை. லேத்தின் சக்கில் யாரோ சக் கீயை மாட்டியபடியே விட்டிருந்தார்கள். அப்படி விட்டு மெஷினைப் போட்டால் சாவி பறந்து முகத்தில் அடிக்கும். லேத் வகுப்பில் முதல் நாள் பாடமே அதுதான். துருவேறி இறுகியிருந்ததை இரண்டு கையாலும் அசைத்து அசைத்து உருவினார். வேட்டி நுனியில் துடைத்தார். சுவரில் அதற்கென்று அடித்திருந்த ஆணியைத் தேடி, மாட்டிவிட்டு வெளியே வந்தார்.

(தொடரும்)