அமைதியும் நீதியும்: ஒரு துணைப்பாடத்தின் பொருள்

போர் இல்லாத நிலையை அமைதி என்று கூறுவது வழக்கு. ஆராயுங்கால் இவ்விளக்கம் குறையுடையதாகும். அடிமைகள் நிறைந்த நாட்டிலும் போர் இல்லாதிருக்கலாம். ஊதியம் பெறாத தொழிலாளி அஞ்சி வாய் திறவாதிருக்கலாம். அவற்றை அமைதி எனலாமா? இவ்வினாவே 'அமைதியும் நீதியும்' என்னும் கல்வித்துறைக்கு அடிப்படையாகும்.

துறையின் தோற்றம்

இரண்டாம் உலகப் போரின் அழிவைக் கண்ட பின்னரே இத்துறை பல்கலைக்கழகங்களில் இடம்பெற்றது. 1948இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து மான்செஸ்டர் கல்லூரி, இளநிலை மாணவர்க்கு அமைதிக் கல்வியைத் தொடங்கிற்று. 1959இல் நார்வே அறிஞர் யோஹான் கால்டுங் ஆஸ்லோ நகரில் அமைதி ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். காந்தியடிகளின் அரசியல் அறத்தைப் பற்றி ஆர்னே நேஸ் என்பாருடன் இணைந்து 1955இலேயே நூல் எழுதியவர் இவர்.

அடிதடியும் கொலையும் நேர்முக வன்முறையாம். எவரும் கை ஓங்காமலே, சமுதாய அமைப்பின் காரணமாகச் சிலர்க்கு உணவும் மருந்தும் உரிமையும் கிட்டாது போவது அமைப்பு வன்முறையாம். இவ்வேறுபாட்டை 1969இல் கால்டுங் விளக்கினார். முன்னது மட்டும் நீங்கிய நிலை எதிர்மறை அமைதி. பின்னதும் நீங்கிய நிலையே உடன்பாட்டு அமைதி.

தமிழ்நாட்டில் சௌந்தரம் அம்மையாரும் கோ. இராமச்சந்திரனும் 1947இல் திண்டுக்கல்லுக்கு அருகில் தொடங்கிய காந்திகிராமம், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கே காந்தியச் சிந்தனைக்கும் அமைதி அறிவியலுக்கும் தனித்துறை அமைந்தது.

வேறு நாடுகளின் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது துணைப்பாடமாக உள்ளது. மாணவர் தம் முதன்மைப் பாடத்தோடு இதற்குரிய சில பாடங்களையும் சேர்த்துப் பயில்வர். பொறியியல் பயில்வார்க்கு இது எற்றுக்கு எனின், கட்டடத்தின் உறுதியைக் கணக்கிடுவோர் அதனை எழுப்பும் தொழிலாளியின் பாதுகாப்பையும் எண்ணுதல் வேண்டும் என்க.

தமிழ் மரபில்

தமிழ் மாணவர்க்கு இக்கருத்து புதிதன்று. வள்ளுவர் நடுவுநிலைமையை 12ஆம் அதிகாரத்திலும், இன்னா செய்யாமையை 32ஆம் அதிகாரத்திலும், செங்கோன்மையை 55ஆம் அதிகாரத்திலும், இகலை 86ஆம் அதிகாரத்திலும் வைத்தார். தனிமனிதன் பிறர்க்குத் தீங்கு செய்யாதிருந்தால் மட்டும் போதாது, ஆட்சியும் கோடாதிருத்தல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும். சிலப்பதிகாரத்தில் மதுரை எரிந்தது பகைவர் படையெடுப்பால் அன்று. ஆராயாது அளித்த ஒரு தீர்ப்பால்.

லிட்டில் இந்தியா

சிங்கப்பூரில் இத்துறை மாணவர் ஆராயத்தக்க நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2013 டிசம்பர் 8ஆம் நாள், ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் ஒருவர் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி மாண்டார். கூடியிருந்தோரிற் சிலர் பேருந்தைத் தாக்கினர். காவல் வண்டிகளும் மருத்துவ வண்டியும் எரிந்தன. நாற்பதாண்டுகளுக்கு மேலாகச் சிங்கப்பூர் காணாத கலவரம் அது.

முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014 ஜூனில் அறிக்கை அளித்தது. விபத்தும், மீட்புப் பணி குறித்துக் கூட்டத்தினர் கொண்ட தவறான எண்ணமும், மதுவும் காரணங்கள் என்றும், வேலை, வாழ்க்கை நிலைமைகள் பற்றிய மனக்குறை காரணமன்று என்றும் அது கண்டது. 2015இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம், இரவு 10.30 மணிக்கு மேல் பொது இடங்களில் மது அருந்துவதைத் தடுத்தது. லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங்கிற்கும் கட்டுப்பாடு மேலும் கடுமையாயிற்று.

இங்கு மாணவர் இரண்டு உண்மைகளைப் பிரித்தறிதல் வேண்டும். ஆராயாது முடிவு செய்யும் குற்றம் அரசர்க்கு மட்டும் உரியதன்று. அன்றிரவு கூட்டமும் அக்குற்றத்திற்கு ஆளாயிற்று. இஃது ஒன்று. மனக்குறை கலவரத்திற்குக் காரணமன்று என்பது ஒரு முடிவு. மனக்குறையே இல்லை என்பது வேறொரு முடிவு. முன்னதிலிருந்து பின்னது பெறப்படாது. இது மற்றொன்று. தெரு அமைதியுற்றதா என்பதோடு, தெருவிற்கு வருவோர் உழைப்புக்கேற்ற ஊதியம் பெறுகின்றனரா என்றும் வினவுவதே நீதிக் கல்வி.

சமரசமும் நீதியும்

ஊதியத் தகராறுகளைத் தீர்க்க 2017இல் சிங்கப்பூரில் தனி நடுவர் மன்றம் அமைந்தது. வழக்கறிஞர் அங்கே வாதாடுவதில்லை. மன்றத்தை அணுகுமுன் சமரசப் பேச்சு நடைபெறுதல் வேண்டும். செலவும் காலமும் குறையும் இம்முறை நன்றே. எனினும் ஊர் திரும்ப வேண்டிய தொழிலாளி, கடன் நெருக்க, தமக்குரிய தொகையினும் குறைந்ததற்கு இசைந்தால், தகராறு முடிந்தது எனலாம். நீதி கிடைத்தது எனலாமா? இருவரும் மனமொப்பியதே தீர்வு என்பார் ஒரு சாரார். ஒப்பிய இருவரும் சமநிலையில் நின்றனரா எனக் கேட்பார் மறு சாரார். சமரசத் தீர்வுகளுக்கான உலக உடன்படிக்கையில் 2019 ஆகஸ்ட் 7ஆம் நாள் 46 நாடுகள் கையொப்பமிட்ட நகரம் சிங்கப்பூர். ஆகவே இவ்வினா இந்நகருக்குப் பெரிதும் உரியது.

ஆசிரியர் கடமை

1964 ஜூலை 21இல் மூண்ட இனக்கலவரத்தில் 23 பேர் மாண்டனர். அந்நாளே இன்று பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாகக் கொண்டாடப்படுகிறது. பல்வகை உடையும் உணவும் அன்று கண்ணுக்கு இனியன. அவற்றோடு, வழக்குரை காதையைப் பயிற்றும் தமிழாசிரியர், "யாருடைய சொல்லைக் கேளாமல் முடிவு செய்தோம்?" என்னும் வினாவையும் மாணவர் உள்ளத்தில் எழுப்புதல் தகும். அவ்வினாவைக் கேட்கப் பழகிய மாணவர் எத்தொழிலை மேற்கொண்டாலும், இத்துணைப்பாடத்தின் பயனைப் பெற்றவராவர்.