அச்சில் ஏறாத ரத்தம்

2019 ஏப்ரலில் "மனித இதயத்தையே அச்சடித்துவிட்டார்கள்" என்று உலகம் முழுக்கச் செய்தி பரவியது. செய்தி பொய்யல்ல. இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் டால் டுவிர் தலைமையிலான குழு, நோயாளியின் கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த செல்களைக் கொண்டு, அறைகளும் ரத்தக் குழாய்களும் உள்ள ஒரு சின்ன இதயத்தை அச்சிட்டது. செர்ரிப் பழ அளவு, ஒரு முயலுக்குப் பொருந்தும். செல்கள் தனித்தனியே சுருங்கின. எல்லாம் ஒன்றுகூடி ரத்தத்தை இறைக்க மட்டும் தெரியவில்லை. இதயத்துக்கு இருப்பதே அந்த ஒரு வேலைதான்!

இயந்திரத்தில் பெரிய மாயம் ஏதுமில்லை. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போலண்ட் 2000களின் தொடக்கத்தில் சாதாரண அலுவலக இங்க்ஜெட் பிரிண்டரை மாற்றியமைத்து, மைக்குப் பதில் உயிருள்ள செல்களைத் தெளிக்க வைத்தார். அன்றிலிருந்து இன்றுவரை ஆய்வகங்களின் தலைவலி பிரிண்டரை விட மையில்தான் அதிகம். செல்களை நசுக்காமல் ஊசித்துளை வழியே வெளிவர வேண்டும். வந்த நொடியே உருவம் கலையாமல் நிற்க வேண்டும். அதற்குப் பிறகும் உள்ளேயிருக்கும் செல்கள் உண்டு, மூச்சுவிட்டு, பெருக வேண்டும்.

இந்த மைக்கான சரக்கில் ஒரு பகுதி கடலிலிருந்து வருகிறது என்பதுதான் சிதம்பரம் அருகேயுள்ள கிள்ளைப் பக்கத்து ஆளான எனக்குச் சுவையாகப் பட்டது. மண்டபம், ராமேசுவரம் கரையில் கிடைக்கும் சர்காசம் போன்ற பழுப்புப் பாசியிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். செல்கள் கலந்த ஆல்ஜினேட் கூழைக் கால்சியம் உப்புக் கரைசலில் பிழிந்தால், எண்ணெயில் விழுந்த ஜாங்கிரி மாவு போலப் போட்ட வடிவத்தில் அப்படியே இறுகிக்கொள்ளும். இன்னொரு சரக்கு கைட்டோசான். அது இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது. முடசலோடையில் படகிலிருந்து இறங்குகிற இறாலுக்கும், பிச்சாவரம் கால்வாய்களில் இருளர்கள் கையால் தடவிப் பிடிக்கிற இறாலுக்கும் தலையும் ஓடும் கழிந்தால் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடும். அந்தக் கழிவை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கி, காரத்தில் காய்ச்சிப் புரதத்தை நீக்கி, மறுபடியும் கடுங்காரத்தில் போட்டு எடுத்தால் கைட்டோசான். ரத்தக்கசிவை நிறுத்தும் காயக்கட்டுகளில் ஏற்கெனவே இருக்கிறது. இப்போது திசு மையிலும் சேர்க்கிறார்கள்.

கிள்ளைக்கு அடுத்த ரயில் நிறுத்தமான பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. கணவாயிலிருந்து கைட்டோசானையும், அதன் தோலிலிருந்து கொலாஜனையும் பிரித்தெடுத்து அங்குள்ளவர்கள் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் தருகிறார்களே, அந்தக் கணவாய் ஓடு இவர்கள் மேசைக்கும் வருகிறது. ஆனால் கடற்கரைக் கழிவுக்கும் மருத்துவத் தரத்துக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. பருவத்துக்குப் பருவம் ஓட்டின் குணம் மாறும். இறால் ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தப் புரதம் ஒரு துளிகூடத் தங்கியிருக்கக் கூடாது. ஓட்டைச் சேகரிப்பது சுலபம், அதைச் சுத்தமென்று நிரூபிப்பதற்குத்தான் பணமும் பொறுமையும் வேண்டும்.

கொலாஜன் என்றதும் ஒரு சென்னைப் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. நம் தோல், எலும்பு, நாண் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கும் இந்தப் புரதம் மூன்று இழைகளைத் திரித்த கயிறாக இருக்கிறது என்று 1954இல் சொன்னவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கங்காருவின் வால் நாணை எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது அது. 2019இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆடம் ஃபைன்பர்க் குழு இதய வால்வு வடிவங்களை அச்சிட்டது இதே கொலாஜனை வைத்துத்தான்.

சரி, இயந்திரமும் இருக்கிறது, மையும் இருக்கிறது. சிறுநீரகம் ஏன் இன்னும் வரவில்லை? ரத்தம்தான் காரணம். உடலில் பெரும்பாலான செல்கள் ஒரு நுண்குழாயிலிருந்து ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் ஆக்சிஜன் எட்டாமல் செத்துவிடும். கட்டைவிரல் பருமனுள்ள திசுவை அச்சிட்டால் நடுப்பகுதி பிழைக்காது. முடியைவிட மெல்லிய குழாய்களைச் சிறுநீரகம் முழுக்க ஓடவிட்டு, அவற்றை நோயாளியின் தமனியோடு இணைத்து, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் வித்தை இன்னும் கைகூடவில்லை.

இதுவரை மனிதருக்குப் பொருத்தியவற்றைப் பார்த்தாலே புரியும். 2022இல் அமெரிக்காவில் 3டிபயோ என்ற நிறுவனம், பிறவியிலேயே ஒரு காது சரியாக வளராத ஓர் இளம்பெண்ணுக்கு அவருடைய செல்களிலிருந்தே காது அச்சிட்டுக் கொடுத்தது. 2023இல் தென்கொரியாவின் சியோலில் அச்சிட்ட மூச்சுக்குழாயைப் பொருத்தினார்கள். காதுக்கும் மூச்சுக்குழாய்க்கும் உருவம் தருவது குருத்தெலும்பு. அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது.

கண்ணின் கருவிழியிலும் ரத்தக் குழாய் இல்லை. இந்தியாவின் பெரிய முயற்சி அங்கே தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 2022 ஆகஸ்டில் ஹைதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனை, ஐஐடி, செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் மூன்றும் சேர்ந்து கருவிழியை அச்சிட்டு முயலின் கண்ணில் பொருத்தின. பெங்களூரின் பாண்டோரம் நிறுவனம் 2015இல் அச்சிட்டுக் காட்டிய கல்லீரல் திசு மருந்துகளைச் சோதிப்பதற்கானது, உடலுக்குள் வைப்பதற்கல்ல. என் கணிப்பில் அடுத்த சில ஆண்டுகளுக்கு அச்சுத் திசுவால் நமக்குக் கிடைக்கப்போகும் பெரிய லாபம் இந்தச் சோதனை வேலைதான்.

ஆகவே கிள்ளையிலிருந்து டயாலிசிஸுக்கு சிதம்பரம் போய் வருகிறவரிடம் "இனிமேல் பிரிண்ட் போட்டே கொடுத்துவிடுவார்களாம்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் அது ஏமாற்று. அவருக்கு வேண்டிய சிறுநீரகம் இன்றைக்கு ஒரு மனிதரிடமிருந்துதான் வரவேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கைத் தமிழ்நாடு அரசு மரியாதையோடு நடத்துகிறது.

ஹைதராபாத் கருவிழிக்கான மையிலும் இறால் ஓடு இல்லை, பாசி இல்லை. இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த கண்களில், ஒளி ஊடுருவும் தரம் குறைந்ததால் நேரடியாகப் பொருத்த முடியாமல் ஒதுக்கப்பட்ட கருவிழியிலிருந்து செல்களை நீக்கிச் செய்தது அது. அப்படிப்பட்ட ஒன்றிலிருந்து மூன்று கருவிழிகளை அச்சிட முடியும் என்கிறது அந்தக் குழு. கண்ணாடி போட்டவரும் கண்புரை அறுவை செய்துகொண்டவரும்கூடக் கண் கொடுக்கலாம். இறந்த ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும் என்பதால் கண் வங்கிக்கு உடனே சொல்லிவிட வேண்டும், அவர்கள் வரும்வரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவைக்க வேண்டும்.