முட்டைக்கோசும் வலைக் காப்பும்

இங்கிலாந்திலும் வேல்சிலும் உள்ளூராட்சி மன்றங்கள் பொதுமக்களுக்குச் சிறு காய்கறித் தோட்டங்களை வாடகைக்கு விடுகின்றன. இதற்கு 1908ஆம் ஆண்டுச் சட்டம் அடிப்படையாகும். அத்தோட்டங்களில் முட்டைக்கோசின் பகைகளுள் இரண்டு இவை. குளிர்காலத்தில் காட்டுப்புறா இலையைக் கொத்தித் தின்னும். கோடையில் பெரிய வெள்ளை வண்ணத்துப்பூச்சி இலையில் முட்டையிட, அதன் புழுக்கள் இலையை அரித்துவிடும். 7 மில்லிமீட்டருக்கு மிகாத கண்ணுடைய வலை இரண்டையும் தடுக்கும்.

ஆயினும், வலை இலையைத் தொடலாகாது. தொட்டால், பூச்சி வெளியே அமர்ந்தபடியே முட்டையிடும், புறாவும் கொத்தும். வலை தொய்ந்தாலோ, சிறு குருவிகள் சிக்கி மடியும். அவற்றுட் பல தம் குஞ்சுகளுக்குப் புழுக்களையே இரையாக ஊட்டுவன; அவை மடிந்தால் நட்டம் தோட்டக்காரருக்கே.

ஆகவே, வளைத்து நட்ட கம்பிகளின்மேல் வலையை இழுத்துக் கட்டி, ஓரங்களை மண்ணிற் புதைப்பதே பயிருக்கும் பறவைக்கும் ஒருங்கே காப்பாகும்.