கறையான் மருந்து: வாடை அடித்தால் போதுமா?

சில வருடங்களுக்கு முன் எனது பிடவைக் கடையின் பின்பக்க ஸ்டோரில் அடியில் கிடந்த பெட்டியொன்றைத் தூக்கினேன். பெட்டியின் அடிப்பாகம் கையோடு வரவில்லை. உள்ளே இருந்த பருத்திச் சாரன்கள் மண்ணும் ஓட்டையுமாகக் கிடந்தன. உடனே மருந்து அடிப்பவர்களை அழைத்தோம். நிலத்தில் துளையிட்டு மருந்து இறக்கினார்கள். இரண்டு நாட்கள் கடையில் நிற்க முடியாத வாடை. நல்ல கடுமையான மருந்து என்று எனக்கும் திருப்தி. ஆனால் ஒரு வருடம் முடியுமுன், தண்ணீர்க் குழாய்க்காக நாங்கள் உடைத்துப் பூசிய இடத்தாலேயே கறையான் மீண்டும் மேலே வந்தது.

காரணத்தைத் தேடிப் படித்தபோதுதான் எல்லா மருந்தும் ஒரே விதமாக வேலை செய்வதில்லை என்பது விளங்கியது.

கறையான் கூட்டத்தில் இரை தேடித் தின்பது வேலைக்காரக் கறையான்களே. இராணிக்கும் காவல் கறையான்களுக்கும் அவைதான் ஊட்டுகின்றன. எனவே வேலைக்காரக் கறையான்கள் தின்னாமல் நின்றால் முழுக் கூட்டமும் பட்டினியாகும்.

பைபென்த்ரின், சைபர்மெத்ரின் போன்றவை விரட்டும் மருந்துகள். கறையான் அவற்றை உணர்ந்து விலகிப் போகும், கூட்டம் சாவதில்லை. மருந்து படாத ஒரு சிறு இடைவெளி கிடைத்தாலும் அதனூடாக உள்ளே வரும். எனது ஸ்டோரில் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். உடைத்த இடத்தில் மருந்து மண் கலைந்து போயிருந்தது.

இமிடாகுளோபிரிட், பிப்ரோனில் ஆகியவை வேறு வகை. கறையான் இவற்றை உணராமல் மருந்து மண்ணுக்குள்ளேயே சுரங்கம் தோண்டும். இமிடாகுளோபிரிட் சிறிதளவு பட்டாலும் கறையான் தடுமாறும். தின்பதையும் தோண்டுவதையும் நிறுத்தும். ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்வதும் நின்றுவிடுவதால் மண்ணிலுள்ள பூஞ்சணம் பிடித்தும் சாகும். பிப்ரோனில் மெதுவாகக் கொல்லும். அதற்குள் மருந்து பட்ட கறையான் மற்றவற்றோடு உரசி அவற்றுக்கும் அதைக் கடத்தும்.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. புளோரிடாப் பல்கலைக்கழகத்தின் நான்-யாவ் சு 2005இல் வெளியிட்ட ஆய்வில், மருந்து மண்ணுக்கு அருகே செத்த கறையான்கள் குவிய, மீதிக் கறையான்கள் அந்தப் பக்கம் வருவதைத் தவிர்த்தன. தூரத்தில் இருந்தவை தப்பிப் பிழைத்தன. ஆகவே மண் மருந்து கட்டிடத்தைக் காக்கும் வேலி. புற்றை அடியோடு அழிக்கும் என்று யாரும் வாக்குக் கொடுத்தால் யோசியுங்கள்.

மண்ணும் முக்கியம். களிமண்ணும் இலைமக்கு நிறைந்த மண்ணும் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கறையானின் உடலில் படுவது குறையும். மணல் மண்ணில் அதே அளவு மருந்து அதிகமாக வேலை செய்யும்.

"அந்தக் காலத்து மருந்துதான் மருந்து" என்போரும் இருக்கிறார்கள். அல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன் ஆகியவை பல்லாண்டு மண்ணில் அழியாமல் கிடந்து உணவிலும் உடலிலும் சேர்ந்ததனாலேயே 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் சமவாயத்தில் அவை சேர்க்கப்பட்டன.

அடுத்த முறை மருந்து அடிக்க வருவோரிடம் விலையைப் பேசுமுன் இவற்றைக் கேளுங்கள். மருந்தின் பெயர் என்ன? அது விரட்டும் வகையா, உணராத வகையா? எத்தனை லீற்றர் தண்ணீருக்கு எவ்வளவு கலக்கிறீர்கள்? லேபல் எங்கே? நமது நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி பீடைகொல்லிகள் பதிவு செய்யப்பட வேண்டும். பக்கத்தில் கிணறு இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உத்தரவாதக் கடிதத்தில் நிலத்தை உடைத்தால் என்ன நிலை என்பதையும் எழுதி வாங்குங்கள்.

மருந்து அடித்த பின் நிலத்தை உடைத்தால் அந்த இடத்துக்கு மீண்டும் மருந்து இட வேண்டும். பெட்டிகளைச் சுவரோடு ஒட்டாமல் பலகைத் தட்டின் மேல் அடுக்குங்கள். மாதம் ஒரு தடவை டோர்ச் பிடித்துச் சுவரோரம் மண்கோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு நாள் வாடையை நம்பி நான் இழந்தது ஒரு பெட்டிச் சரக்கல்ல. இரண்டாவது முறை ஒரு இறாக்கையே போனது.