பலம் கூடினால் பயப்படுங்கள்

தோய்ச்சல் மிஞ்சிய கவ்வாத்துக் கத்தியை ஹற்றன் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூர் அபாரமாக இருக்கும். ஒரு குளிர்காலைப் பொழுதில் முற்றிய வாதில் ஓங்கிப் போட்டால், வளையாது. வாயில் ஒரு துண்டு கழன்று விழும்.

அணு உலையின் அழுத்தக் கலத்துக்கும் இந்தக் கதிதான், என்ன, மெதுவாக வரும். கலத்தின் சுவர் சுமார் 20 சென்ரிமீற்றர் தடித்த உருக்கு. வேக நியூத்திரன்கள் ஆண்டுக்கணக்கில் மோதி அதன் அணுக்களை இடம்பெயர்க்கின்றன. உள்ளே கலந்திருக்கும் செப்பு நுண்திரள்களாகச் சேர்கிறது. பழைய வெல்டிங் கம்பிகளுக்குத் துருப்பிடிக்காதிருக்கச் செப்புப் பூசினார்கள். அந்தப் பூச்சே பின்னாளில் வினையாயிற்று. இழுத்துப் பார்த்தால் உருக்கு முன்னைவிடப் பலம். ஆனால் எந்த வெப்பநிலைக்குக் கீழே அது வளையாமல் உடையுமோ, அந்த வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். ‘பலம் கூடியிருக்கிறது’ என்று ஒருவர் அறிக்கை வாசித்தால் கைதட்டிவிடாதீர்கள்.

உலை ஓடும்போது கலம் 300 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் இருக்கும்; அப்போது ஆபத்தில்லை. அழுத்தம் குறையாமல் சூடு மட்டும் சடுதியாக இறங்கும் கணமே பொல்லாதது. 1978 மார்ச் 20இல் கலிபோர்னியாவின் ராஞ்சோ செக்கோ நிலையத்தில், கட்டுப்பாட்டுப் பலகையில் பல்ப் மாற்றப் போனவரின் கையிலிருந்து பல்ப் நழுவி உள்ளே விழுந்தது. மின்கசிவில் கருவிகள் குழம்ப, உலை மளமளவென்று குளிர்ந்தது. கலம் ஓடத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்ததால் தாங்கியது. கிழட்டுக் கலமாக இருந்திருந்தால்?

இந்தியாவும் பட்டிருக்கிறது. ராஜஸ்தான், ராவத்பாட்டாவின் முதலாவது உலையில் விரிசல் கண்டது அழுத்தக் கலமல்ல, உலையின் முனையில் கதிர்வீச்சைத் தடுக்கும் முனைக் கவசம். 3.5 வீத நிக்கல் கலந்த அந்த உருக்கு, கதிர்வீச்சால் ஓடும் வெப்பநிலையிலேயே நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்டிருந்தது. 1980களின் தொடக்கத்தில் நீர் கசிந்து, உலையை நிறுத்த வேண்டியதாயிற்று.

மருந்து இல்லாமலில்லை. ரஷ்யர்கள் 1987இல் நோவோவொரோனெஷ் 3ஆம் உலையின் கலத்தைச் சூடேற்றி, இழந்த குணத்தைப் பெருமளவு மீட்டார்கள். அமெரிக்காவின் யாங்கி ரோவ் நிலையமோ, கலம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிட்டதோ என்ற சந்தேகத்தில் 1991இல் நிறுத்தப்பட்டது, திரும்ப ஓடவில்லை.

காசல்ரி, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் நீர் இறங்கினால் மின்வெட்டுப் பேச்சு வரும், பின்னாலேயே அணுமின் பேச்சும் வரும். அப்போது மெகாவாட் கணக்கோடு நின்றுவிடாதீர்கள். உருக்கில் செப்பு எத்தனை வீதம்? கலத்தின் அதே உருக்கில் செய்து உள்ளே தொங்கவிடும் சாட்சித் துண்டுகளை எத்தனை ஆண்டுக்கொரு தடவை எடுத்து உடைத்துப் பார்ப்பீர்கள்? அந்த முடிவை எங்களுக்குக் காட்டுவீர்களா? இந்த மூன்றையும் கேளுங்கள், கையொப்பம் விழுவதற்கு முன்.